ஆர்.எஸ்-1 எமல்ஷனில் போர் தண்ணி கலந்து டேங்கில் விட்டால் அடியில் கட்டி, நாசில் அடைப்பு: காரணம் என்ன?

வைகை_சைட்

டேக் கோட்டுக்கு (புது அடுக்கு ஒட்ட ரோடு மேலே அடிக்கிற பூச்சு) ஆர்.எஸ்-1, அதாவது தண்ணியில் பிட்டுமின் துளிகள் கலந்த, சீக்கிரம் பிரியற எமல்ஷன், பேரலில் வந்த சரக்கு. பேரலிலிருந்து நேரா அடிச்சா ஸ்ப்ரே ஒழுங்கா விரியுது. சன்னமா பரவணும்னு ஒண்ணுக்கு ஒண்ணு போர் தண்ணி கலந்து ஸ்ப்ரேயர் டேங்கில் ராத்திரி விட்டு வச்சா, காலையில் மேலே பழுப்புத் தண்ணி, அடியில் கருப்புக் கூழ். ஸ்ட்ரெய்னர் முழுக்கச் சவ்வு, ஸ்ப்ரே பாருக்கு ரெண்டு மூணு நாசில் அடைப்பு. கிளறினா பாதி கரையுது, பாதி கரையவே மாட்டேங்குது.

லேப் ரிப்போர்ட்: பாகுத்தன்மை 50 டிகிரியில் 38 செகண்ட், ரெசிட்யூ (தண்ணி போனா மிஞ்சற பிட்டுமின்) 61%, 600 மைக்ரான் சல்லடையில் மிச்சம் 0.03%, ஸ்டோரேஜ் ஸ்டெபிலிட்டி 1.4%. எல்லாம் எமல்ஷனுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 8887 வரம்புக்குள்ள இருக்கு. குறை சரக்கிலா, தண்ணியிலா?

சோப்பு_கரைசல்

கிளறினா பாதி கரையுது, பாதி கரையலைன்னு சொன்னீங்களே, விஷயமே அதில்தான் இருக்கு. எமல்ஷன் கெட்டுப்போச்சுன்னு பொதுவா சொல்றதுக்குள்ளே மூணு தனித்தனி சமாச்சாரம் உண்டு.

முதலாவது படிதல். துளிகள் தனித்தனியாவே இருக்கும், எடையால் கீழே இறங்கியிருக்கும். மெதுவா கிளறினா பழையபடி ஆயிடும். ரெண்டாவது, துளிகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கொத்துக்கொத்தா நிக்கிறது. தோல் இன்னும் கிழியலை, அதனால் கொஞ்சம் சூடும் கிளறலும் கொடுத்தா பெரும்பாலும் பிரியும். மூணாவது, ரெண்டு துளி சேர்ந்து ஒரே துளியாயிடறது. இதுக்கு மீட்சி கிடையாது, திரிஞ்ச பாலைக் கிளறிப் பாலாக்க முடியாத மாதிரி. உங்க டேங்கில் கரைஞ்ச பாதி முதல் ரெண்டு வகை, கரையாத பாதி மூணாவது வகை.

ஒரே ராத்திரியில் மூணாவது நிலை வரைக்கும் போயிருக்குன்னா துளியைச் சுத்தியுள்ள பாதுகாப்பு போயிருக்கணும். ஆர்.எஸ்-1இல் அந்தப் பாதுகாப்பே மெல்லிசு. அமீன் வகை எமல்சிஃபையர், மொத்த எடையில் 0.15 முதல் 0.3% வரைதான் போடுவாங்க. ஜல்லியைத் தொட்டதும் சீக்கிரம் பிரேக் ஆகணும், அதாவது தண்ணி பிரிஞ்சு பிட்டுமின் ஒட்டணும்னுதான் இவ்வளவு கம்மியா வைக்கிறது. அந்த அமீன் தண்ணியில் கரைஞ்சு நேர்மின்னேற்றத்தோட நிக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து, சோப்புக் கரைசலை பி.எச். 2 வாக்கில் வச்சிருப்பாங்க.

இனி கணக்கு. பி.எச். 2 கரைசலில் லிட்டருக்கு 10 மில்லி ஈக்விவலன்ட் (அமிலத்தையும் காரத்தையும் ஒப்பிடுற அலகு) அமிலம். 60% எமல்ஷன் ஒரு லிட்டரில் தண்ணிப் பகுதி 400 மில்லிதான், ஆக 4 மில்லி ஈக்விவலன்ட். போர் தண்ணியில் பைகார்பனேட் காரத்தன்மை, கால்சியம் கார்பனேட் கணக்கில், 400 மில்லிகிராம் இருந்தா அது லிட்டருக்கு 8 மில்லி ஈக்விவலன்ட். ஒண்ணுக்கு ஒண்ணு கலந்தீங்கன்னா இருக்கிற அமிலத்தைப் போல ரெண்டு மடங்கு காரத்தை ஊத்தியிருக்கீங்க. பி.எச். 6, 7க்கு ஏறிடும். அந்த நிலையில் பிட்டுமினுக்குள்ளேயே உள்ள கரிம அமிலங்கள் துளியின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் எடுத்து, அமீனோட நேர்மின்னேற்றத்தைக் கட்டிப்போட்டுடும். துளிக்குத் துளி விலக்குற விசை செத்துப்போகும்.

தண்ணி உப்பா இருக்கான்னு நாக்கில் வச்சுப் பார்க்கிறது இங்கே உதவாது. கால்சியம், மெக்னீசியத்தால் வர்ற கடினத்தன்மையைக் கேட்டயானிக், அதாவது இந்த நேர்மின்னேற்ற எமல்ஷன் நல்லாவே தாங்கும். அதுக்கு எமன் காரத்தன்மைதான். ஆர்.ஓ. மெஷின்காரங்க கொடுக்கிற டி.டி.எஸ். (கரைஞ்ச உப்போட மொத்த அளவு) எண்ணை வச்சு முடிவெடுக்காதீங்க, அல்கலினிட்டி டெஸ்ட் தனியா பண்ணுங்க.

துளி_மைக்ரான்

சோப்பு சார் சொன்னதோட இன்னொன்னு சேருது. தண்ணியில் காரமே இல்லேன்னாலும், நீர்த்த எமல்ஷனை ராத்திரி பூரா நிக்க வச்சா படியத்தான் செய்யும்.

5 மைக்ரான் விட்டமுள்ள துளி, பிட்டுமினுக்கும் தண்ணிக்கும் அடர்த்தி வித்தியாசம் கன மீட்டருக்கு 25 கிலோ, தண்ணியின் பாகுத்தன்மை 1 சென்டிபாய்ஸ்னு வச்சு ஸ்டோக்ஸ் விதிப்படி போட்டா, தனியா விட்ட ஒரு துளி நாளைக்கு 29 மி.மீ. இறங்கும். ஆனா 60% எமல்ஷனில் துளி தனியா இல்லை. கீழே இறங்குற துளி தள்ளிவிடுற தண்ணி மேலே வர வழி வேணும், நெரிசலில் அந்த வழி அடைபட்டுக் கிடக்கும். ரிச்சர்ட்சன்-ஜாக்கி திருத்தத்தைப் போட்டா, அதாவது தண்ணியின் பங்கை 4.65ஆம் அடுக்குக்கு உயர்த்திப் பெருக்கினா, வேகம் நாளைக்கு 0.4 மி.மீ.க்கு விழுந்துடும். பேரலில் மாசக்கணக்கா தாங்குறது இதனால்தான். அதையே ஒண்ணுக்கு ஒண்ணு கலந்து 30% ஆக்கினா நாளைக்கு 5.5 மி.மீ. பதிமூணு மடங்குக்கு மேலே.

துளி 10 மைக்ரானா இருந்தா இதிலும் நாலு மடங்கு. கொத்தா ஒட்டிக்கிட்டா கொத்தோட விட்டம்தான் கணக்கில் வரும், அப்போ ராத்திரிக்குள்ளேயே அடியில் இருக்கும். அடியில் போய் நெருக்கிக்கிட்ட துளிகள் பாதுகாப்பும் இல்லாம கிடந்தா ஒண்ணா சேர்றதுக்கு விடியற வரைக்கும்கூட தேவைப்படாது.

இன்னொன்னு, எமல்சிஃபையர் துளி மேலே நிரந்தரமா ஒட்டிக்கிட்டு இருக்கிற பொருள் இல்லை. தண்ணியில் கரைஞ்சிருக்கிறதுக்கும் துளி மேலே இருக்கிறதுக்கும் ஒரு சமநிலை உண்டு. தண்ணி ஊத்தினா கரைசலில் அளவு குறையும், அதை ஈடுகட்ட துளி மேலே இருக்கிறது இறங்கி வரும். எஸ்.எஸ். வகையில், அதாவது மெதுவா பிரியற சரக்கில், எமல்சிஃபையர் தாராளமா இருக்கும், தாங்கும். ஆர்.எஸ்.ஸில் கையிருப்பே கிடையாது.

தார்ச்சாலை_மதுரை

வேதியியல் எல்லாம் சரி. ஆர்.எஸ்-1ஐ எதுக்குத் தண்ணி கலக்கணும்? 20 முதல் 100 செகண்ட் வரம்புள்ள சரக்கு, 38 செகண்ட் வந்திருக்கு. ஏற்கனவே ஓடுற சரக்கு அது.

பழைய தார் மேற்பரப்புக்குச் சதுர மீட்டருக்கு 0.20 முதல் 0.30 கிலோ, பிரைம் கோட் (ஜல்லி அடுக்கு மேலே முதலில் அடிக்கிற பூச்சு) அடிச்ச மேற்பரப்புக்கு 0.25 முதல் 0.30, சிமென்ட் கான்கிரீட் மேலேன்னா 0.30 முதல் 0.35. இது நெடுஞ்சாலை அமைச்சக ஸ்பெசிஃபிகேஷனில் உள்ள அளவு, கலக்காத எமல்ஷனுக்கு. 0.25 கிலோ அடிச்சா தண்ணி போனப்புறம் தரையில் நிக்கிறது 0.15 கிலோ பிட்டுமின். பாதிக்குப் பாதி தண்ணி கலந்து அதே 0.25 அடிச்சா 75 கிராம்தான் நிக்கும். அதில் மேல் அடுக்கு ஒட்டாது. பிரேக் பிடிக்கிற இடத்திலும் வளைவிலும் வழுக்கிப் பிறை வடிவத்தில் விரிசல் விடும். பிட்டுமின் அளவு குறையாம இருக்க 0.50 அடிச்சா சரிவான இடத்தில் ஓரத்துக்கு ஓடிப் பள்ளத்தில் தேங்கும்.

சன்னமா பரவலைன்னா ஸ்ப்ரே பாரைப் பாருங்க. நாசில் துளை பாருக்கு 15 முதல் 30 டிகிரி கோணத்தில் எல்லாம் ஒரே மாதிரி திருப்பியிருக்கணும், இல்லேன்னா விசிறி ஒண்ணை ஒண்ணு முட்டும். பார் உயரம் ரெண்டு இல்லேன்னா மூணு விசிறி ஒண்ணு மேலே ஒண்ணு விழுற மாதிரி. தரையைக் கம்ப்ரஸர் வச்சு ஊதி, தூசி போனதும் அடிங்க. தூசி மேலே விழுந்த எமல்ஷன் தூசியைத்தான் பிடிக்கும், ரோட்டைப் பிடிக்காது. அளவு சரியான்னு பார்க்க, எடை போட்ட தகரத் தட்டைத் தரையில் வச்சு மேலே வண்டியை ஓட்டி மறுபடி எடை போடுங்க.

வைகை_சைட்

அண்ணே, கோணம் பார்க்கிறேன். ஆனா பிரைம் கோட்டுக்கு எஸ்.எஸ்-1 வருது, அதில் தண்ணி கலக்கச் சொல்லி சப்ளையரே சொல்றாங்க. அங்கேயும் இதே போர் தண்ணிதான். கலக்கணும்னா எப்படி? தண்ணியைச் சோதிக்க சைட்டிலேயே வழி உண்டா?

சோப்பு_கரைசல்

உண்டு. மூணு கண்ணாடி டம்ளர் எடுங்க. ஒவ்வொண்ணிலும் 50 மில்லி எமல்ஷன். முதலாவதில் 150 மில்லி டிஸ்டில்டு வாட்டர், பேட்டரிக்கு ஊத்துறதுதான். ரெண்டாவதில் 150 மில்லி போர் தண்ணி. மூணாவதில் அமிலம் சேர்த்து பி.எச். 2.5க்குக் கொண்டுவந்த அதே போர் தண்ணி. தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக் கண்ணாடிக் குச்சியால் கிளறி, 2 மணி நேரம் நிழலில் வைங்க. அப்புறம் 600 மைக்ரான் சல்லடையில் ஊத்தித் தண்ணி விட்டுக் கழுவுங்க. முதலாவதிலேயே கட்டி நின்னா சரக்கு குறை. ரெண்டாவதில் மட்டும் நின்னா தண்ணி குறை. மூணாவது சுத்தமா போயிட்டா வழியும் தெரிஞ்சாச்சு. எமல்ஷனுக்கு 25 டிகிரின்னா தண்ணியும் அதே சூட்டில் இருக்கட்டும். வெயிலில் நின்ன எமல்ஷனில் குளிர்ந்த தண்ணியைச் சடார்னு ஊத்தினாலும் கட்டி வரும், அதைப் பார்த்துத் தண்ணி மேலே பழி போட்டுடக் கூடாது.

அமில அளவு: காரத்தன்மை 400 உள்ள 1000 லிட்டர் தண்ணிக்கு, காரத்தை முறிக்க 8 மோல், அதுக்கு மேலே பி.எச். 2.5 வர 3 மோல். கடையில் கிடைக்கிற 32% ஹைட்ரோகுளோரிக் அமிலம் லிட்டருக்கு 10 மோல் வாக்கில் இருக்கும். ஆக 1.1 லிட்டர். 200 லிட்டர் பேரல் தண்ணிக்கு 220 மில்லி. கண்ணாடி, கையுறை போட்டு, தண்ணியில் அமிலத்தை ஊத்துங்க, மாத்தி ஊத்தாதீங்க. கார்பன் டை ஆக்சைடு நுரைச்சு வெளியேறும், மூடியைத் திறந்து வச்சு அரை மணி விடுங்க. அப்புறம் பி.எச். பேப்பரில் பாருங்க. இதை பிளாஸ்டிக் டேங்கில் செய்யணும். இரும்பு டேங்கில் செஞ்சா அமிலம் இரும்பைத் தின்னே தீர்ந்துடும்.

கலக்கும்போது எமல்ஷன் இருக்கிற டேங்கில் தண்ணி போகணும். தண்ணி டேங்கில் எமல்ஷனை ஊத்தினா, முதல்ல விழுற எமல்ஷன் ஏராளமான தண்ணியைச் சந்திக்கும். சமநிலை அங்கேயே குலைஞ்சுபோகும். கலந்ததை அன்னைக்கே அடிச்சு முடிங்க. ஆர்.எஸ்-1க்கு இந்த வித்தை எதுவும் வேண்டாம், தார்ச்சாலை அண்ணன் சொன்னதுதான் சரி.

லேப்_மேட்டுத்தெரு

எனக்கு அந்த 38 செகண்ட் மேலேதான் சந்தேகம். ரெசிட்யூ 61% இருந்தும் பாகுத்தன்மை இவ்வளவு கீழே வருதுன்னா துளிகள் பெருவெட்டா இருக்குமோ? 38 செகண்ட் பாஸ்னு விட்டுடறோம், ஆனா அந்த எண் எதைச் சொல்லுது?

துளி_மைக்ரான்

நல்ல இடத்தைப் பிடிச்சீங்க. சேபோல்ட் ஃப்யூரால் கோப்பையில் 60 மில்லி ஒழுகி விழ ஆகிற நேரம் அது. 38 செகண்ட்னா சுமார் 80 சென்டிஸ்டோக். 40 செகண்டுக்கு மேலே இருந்தா 2.12ஆல் பெருக்கினா சென்டிஸ்டோக் வந்துடும்.

ஆனா எமல்ஷன் தண்ணி மாதிரியோ எஞ்சின் ஆயில் மாதிரியோ ஒரே பாகுத்தன்மை உள்ள திரவம் இல்லை. வேகமா அசைச்சா இளகும், விட்டா இறுகும். நின்ன இடத்தில் துளிகள் லேசா ஒட்டி ஒரு வலைப்பின்னல் போடும், அசைச்சா அது அறுந்து துளிகள் ஓட்டத்தோட வரிசை பிடிக்கும். கோப்பையில் கிடைக்கிறது ஒரே ஒரு வேகத்தில் எடுத்த ஒரே ஒரு எண். நாசில் துளையில் நடக்கிறது அதைவிடப் பல மடங்கு வேகம், டேங்க் அடியில் நடக்கிறது ஏறக்குறைய பூஜ்ய வேகம். ரெண்டைப் பத்தியும் அந்த எண் வாய் திறக்காது. சுழலும் விஸ்கோமீட்டர் இருந்தா வேகத்தைப் படிப்படியா ஏத்தி, அப்படியே இறக்கி வரைபடம் போடுங்க. ஏறும் கோடும் இறங்கும் கோடும் பொருந்தினா நல்லது. இறங்கும் கோடு கீழே வந்து, நிக்க வச்சதும் பழைய இடத்துக்கு ஏறினா வலைப்பின்னல் அறுந்து கூடுதுன்னு அர்த்தம். நிக்க வச்சும் ஏறலைன்னா அசைவிலேயே துளிகள் ஒண்ணாச் சேர்ந்திருக்கு, அது கெட்ட சகுனம். 50 டிகிரியில் எடுக்கும்போது மேலே ஆடை படியாம மூடி வைங்க, இல்லேன்னா அந்த ஆடை சுழலியைப் பிடிச்சு இழுத்துப் பொய்யான எண் கொடுக்கும்.

38 வந்ததுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம், ஒண்ணு நல்லது, ஒண்ணு கெட்டது. துளி எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தா 60%இலேயே நெரிசல் வந்து பாகுத்தன்மை ஏறும். பெரிசும் சிறிசும் கலந்திருந்தா பெரிய துளிகளோட இடைவெளியில் சின்னத் துளிகள் உட்காரும், அதே 60%இல் பாகுத்தன்மை இறங்கும். நல்ல மில் (பிட்டுமினைத் துளியா உடைக்கிற இயந்திரம்) ஓட்டத்தில் 2 முதல் 5 மைக்ரானை நடுவா வச்சுக் கொஞ்சம் அகலமா பரவினா அதில் தப்பில்லை. 15, 20 மைக்ரான் வால் நீண்டிருந்தா அந்த வால்தான் முதல்ல அடியில் உட்காரும். 600 மைக்ரான் சல்லடை அதைக் காட்டாது. சல்லடையில் நிக்கிறது ஏற்கனவே செத்த கட்டிகள். ஒரு சொட்டைப் பல மடங்கு அமிலத் தண்ணியில் நீர்க்க விட்டு, சிலைடில் வச்சு 400 மடங்கு மைக்ராஸ்கோப்பில் பாருங்க. தனித்தனியா துடிச்சுக்கிட்டே இருந்தா உயிரோட இருக்கு. கொத்தா நின்னா பார்த்ததுமே தெரியும்.

சோப்பு_கரைசல்

பெரிய துளி எங்கிருந்து வருதுன்னு பிளான்ட் பக்கத்திலிருந்து சொல்றேன். மில்லுக்குள் போகும்போது பிட்டுமின் 200 சென்டிபாய்ஸ் வாக்கில் இளகியிருக்கணும், வி.ஜி-10 ரக பிட்டுமினுக்கு 130 முதல் 140 டிகிரி. அதைவிடக் குளிர்ந்திருந்தா துளி பெருவெட்டு. சூட்டை ஏத்திடலாம்னா வெளியே வர்ற எமல்ஷன் கொதிச்சிடும். பிட்டுமினோட வெப்ப ஏற்பு தண்ணியில் பாதின்னு வச்சுக் கணக்குப் போடுங்க. 60% பிட்டுமின் 135 டிகிரியில், 40% சோப்பு 45 டிகிரியில் சேர்ந்தா 84 டிகிரியில் வெளிவரும், நிம்மதி. ஆர்.எஸ்-2க்கு 67% பிட்டுமினை 140இலும் சோப்பை 50இலும் விட்டா 95 வந்துடும், ஆவி குமிழ் கட்டி அங்கேயே துளிகள் சேரும். சோப்பை 40க்கு இறக்கினா 90. இந்தக் கணக்கைப் போடாம ரெண்டு பக்கமும் சூட்டைக் கூட்டுற இடங்களில்தான் புதுச் சரக்கிலேயே மணல் மாதிரி கட்டி வரும்.

எதிர்ப் பக்கப் புகாரும் உண்டு: வந்தப்போ 40 செகண்ட், தேங்கினப்புறம் 90. அது பிட்டுமினில் இருக்கிற உப்போட வேலை. கச்சா எண்ணெயிலிருந்தே வர்ற உப்பு துளிக்குள்ளே இருக்கும், சவ்வூடு பரவல் முறையில் வெளித் தண்ணியை உள்ளே இழுக்கும். துளி ஊதும், வெளித் தண்ணி குறையும், நெரிசல் கூடும், பாகுத்தன்மை ஏறும். சோப்புக் கரைசலில் 0.1 முதல் 0.2% கால்சியம் குளோரைடு போட்டா உள்ளேயும் வெளியேயும் உப்பு சமப்பட்டு ஊதல் அடங்கும். அளவு மீறினா அதுவே மின்னேற்ற விலக்கத்தைக் குறைச்சுக் கொத்து கட்ட வைக்கும்.

லேப்_மேட்டுத்தெரு

70% பிட்டுமின் எமல்ஷனையே கப்பலில் ஏத்தி நாடு விட்டு நாடு கொண்டுபோன ஓரிமல்ஷன் எப்படித் தாங்குச்சு? அதில் துளி நம்மளோடதைவிடப் பெரிசுன்னு படிச்சிருக்கேன்.

துளி_மைக்ரான்

வெனிசுவேலாவோட ஓரினோகோ பகுதிக் கனரகப் பிட்டுமின், 70க்கு 30. கனடா, டென்மார்க், இத்தாலி, ஜப்பான் மின் நிலையங்களில் எரிபொருளா எரிச்சாங்க. துளி பெரிசுதான், அதனால்தான் 70%லும் பம்ப் பண்ண முடிஞ்சுது. அங்கே ஜல்லியைத் தொட்டதும் பிரேக் ஆகணும்னு கட்டாயமே இல்லை, கொதிகலன் வரைக்கும் உயிரோட போனா போதும். அதனால் மின்னேற்றமே இல்லாத எமல்சிஃபையர் போட்டாங்க. முதலில் நோனைல் ஃபீனால் எத்தாக்சிலேட், 1990களின் இறுதியில் சுற்றுச்சூழல் காரணமா அதை விட்டு ஆல்கஹால் எத்தாக்சிலேட்டுக்கு மாறினாங்க. அந்த வகை, அமிலம் காரம் ரெண்டையும் சட்டை பண்ணாது. ஆனா சூடு ஏறினா தண்ணியோட உள்ள பிடிப்பை இழந்துடும். நம்ம அமீன் எமல்ஷனுக்குக் காரம் எதிரி, அதுக்குச் சூடு எதிரி. பம்பில் கசக்குறது ரெண்டுக்குமே எதிரி.

தார்ச்சாலை_மதுரை

பம்ப்னு சொன்னதும் ஞாபகம் வருது, வைகை தம்பி டேங்கைச் சுத்தி ஓட விடுறாரான்னு கேக்கணும். படியக் கூடாதுன்னு கியர் பம்பை மணிக்கணக்கா ஓட விடுவாங்க. பல்லுக்குப் பல் இடுக்கில் துளி நசுங்கி ஒண்ணா சேரும், அதுதான் ஸ்ட்ரெய்னர் சவ்வு. ரிட்டர்ன் குழாய் முனை எமல்ஷனுக்குள்ளே முங்கி அடிப்பக்கம் விடணும். மேலேயிருந்து விழுந்தா நுரையும் ஆடையும்தான் மிச்சம். காத்து விட்டுக் கலக்குறதும் கூடாது. வேலை முடிஞ்சா பாரில் தண்ணி விட்டு, அப்புறம் டீசல் விட்டுக் கழுவி வடிச்சுடுங்க. காஞ்ச பம்பை காலையில் பலவந்தமா ஓட்டினா சாஃப்ட் முறியும். 65 டிகிரி வாக்கில் சூடு காட்டிக் கையால் சுத்திப் பார்த்துட்டு ஓட்டுங்க.

பேரலைத் திறக்கும் முன்னாடி படுக்க வச்சு 10 மீட்டர் தூரம் முன்னும் பின்னுமா அஞ்சு தடவை மெதுவா உருட்டுங்க. குச்சி விட்டு ஆட்டுறதைவிட அது மேல்.

வைகை_சைட்

டம்ளர் சோதனை முடிவு: டிஸ்டில்டு வாட்டரில் ரெண்டு மணி நேரத்திலும் கட்டி இல்லை, சல்லடை சுத்தம். போர் தண்ணியில் கால் மணிக்குள் நூல் நூலா பிரிஞ்சு சுவரில் கருப்பா ஒட்டுச்சு. அமிலம் சேர்த்த போர் தண்ணியில் சல்லடையில் ரெண்டு மூணு புள்ளிதான். லேபில் அல்கலினிட்டி 420 வந்திருக்கு. எஸ்.எஸ்-1க்கு அமிலம் சேர்த்த தண்ணி, ஆர்.எஸ்-1க்குத் தண்ணியே இல்லைன்னு முடிவு பண்ணியாச்சு.

ஸ்ப்ரேயர் டேங்கில் மிச்சம் இருக்கிற கெட்ட கலவையை என்ன பண்றது? மேலே உள்ள நல்ல பகுதியைப் புதுச் சரக்கோட சேர்க்கலாமா?

சோப்பு_கரைசல்

சேர்க்காதீங்க. அந்தத் தண்ணியில் காரம் மிச்சம் இருக்கு, புதுச் சரக்கோட அமிலத்தையும் தின்னுடும். மேலே உள்ளதை வடிகட்டி, சைட் பாதையில் தூசி அடங்கத் தெளிக்கலாம், வாய்க்கால் பக்கம் போக விடாதீங்க. அடியில் உள்ள கூழ் இப்போ வெறும் ஈரப் பிட்டுமின். தட்டில் எடுத்து வெயிலில் தண்ணி போக விட்டா பள்ளம் அடைக்கிற கலவைக்கு உதவும். ஈரத்தோட சூடான பாய்லரில் போட்டுடாதீங்க, பொங்கி வெளியே அடிக்கும். டேங்கை டீசலில் கழுவினப்புறம் பி.எச். 2.5 தண்ணியில் ஒரு தடவை அலசிட்டு உடனே வடிச்சுட்டு, அடுத்த லோடு ஏத்துங்க.